மதகில்லாத வாய்க்கால்

சரவணம்பட்டியில் என் வீட்டைத் தாண்டிச் செல்லும் சத்தியமங்கலம் சாலையில் அன்னூரை நெருங்கும் இடத்தில் என் தம்பிக்கு ஒரு தோட்டம் உண்டு. ஐந்து ஏக்கர் நிலம். பாதியில் தென்னை, மீதியில் வாழையும் கொஞ்சம் மஞ்சளும். நீர் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருகிறது. மோட்டாருக்கு வேண்டிய மும்முனை மின்சாரம் முறை வைத்து வருவதால், நள்ளிரவில் ஒரு கையில் விளக்கும் மறு கையில் கோலுமாக வரப்பின்மேல் நடந்துபோய் மோட்டாரைப் போட்டுவிட்டு வருவது அவனுக்குப் பல்லாண்டுப் பழக்கம். அறுபதை எட்டுகின்ற வயதில் அஃது எளிய காரியமன்று. பாம்புப் பயம் வேறு.

ஆகவே சில ஆண்டுகளுக்கு முன் அவன் ஒரு சிறு பெட்டியை வாங்கி ஸ்டார்ட்டருடன் பொருத்தினான். பெட்டிக்குள் கைப்பேசியில் இருப்பது போன்ற ஒரு சிம் அட்டை இருக்கும். அந்த எண்ணை அழைத்தால் மோட்டார் ஓடும். மறுபடி அழைத்தால் நிற்கும். படுக்கையில் இருந்தபடியே பயிருக்கு நீர் பாய்ச்சலாம். கொங்கு நாட்டுத் தோட்டங்களில் இத்தகைய பெட்டிகள் இன்று சாதாரணமாகிவிட்டன. பொருத்த வந்தவர் ஒருமுறை அழைத்துக் காட்டினார், மோட்டார் ஓடிற்று, எல்லோரும் மகிழ்ந்தோம், அவர் கூலியைப் பெற்றுக்கொண்டு போய்விட்டார். இன்ன இன்ன எண்களிலிருந்து வரும் அழைப்புக்கு மட்டுமே பணியவேண்டும் என்று அந்தப் பெட்டிக்குச் சொல்லிவைக்க ஒரு வழி இருந்தது. அதை அவர் செய்யவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

பங்குனி மாதத்து இரவொன்றில், எல்லோரும் உறங்கிய பின், அந்த மோட்டார் தானே ஓடத் தொடங்கிற்று. கோடையில் கிணற்றில் ஊறியிருந்த நீர் இரண்டொரு மணி நேரத்தில் தீர்ந்தது. நீரில்லாமல் ஓடும் மோட்டாரை நிறுத்தும் காப்பும் அதில் இல்லை. விடிந்து பார்த்தபோது சுருள் கருகிப்போயிருந்தது. பெட்டியில் பதிவாகியிருந்த கடைசி எண்ணைத் தம்பி அழைத்துப் பார்த்தான். மறுமுனையில் தாராபுரம் பக்கத்துப் பெரியவர் ஒருவர். “மன்னிக்கோணுங்க. மருமகப் பிள்ளைக்குப் போட்டேனுங்க, ஒரு நம்பர் மாறிப்போச்சுங்க” என்றார். திருடனுமில்லை, பகைவனுமில்லை. மருமகனைத் தேடிய ஒரு மாமனாரே எங்கள் மோட்டாரை எரித்துவிட்டார்.

தம்பி என்னைக் கேட்ட கேள்வி இது: “ஏனுங்கண்ணா, யார் கூப்பிட்டாலும் எந்திரிச்சு ஓடுமுங்களா அது?” நான் முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளியில் கேள்விகளுக்கு விடை சொல்லிப் பழகியவன். இந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்ல இயலவில்லை. அதன் பின்னர் இப்பொருள் குறித்து நான் படித்தறிந்தவற்றையே உங்களுக்குச் சொல்ல வந்திருக்கிறேன்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லுங்கள் என்று ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் எங்களுக்குக் கற்பித்தார்கள். அந்த முறைப்படி, கோவை மாணவர் யாவரும் அறிந்த நொய்யலிலிருந்து தொடங்குவோம். வெள்ளியங்கிரி மலையடிவாரத்தில் பிறந்து காவிரியில் கலக்கும் இச் சிற்றாற்றின் குறுக்கே நம் முன்னோர் அணைக்கட்டுகளை எழுப்பினர். அவற்றிலிருந்து வாய்க்கால் வெட்டி, முப்பதுக்கும் மேற்பட்ட குளங்களை நிரப்பினர். ஒரு குளம் நிரம்பினால் மிகுநீர் அடுத்த குளத்திற்குச் செல்லும். உக்கடம் பெரியகுளமும் வாலாங்குளமும் இவ்வாறு தொடர்புடையவை. தனித்தனியே கிடந்திருந்தால் வறண்டுபோகக்கூடிய குளங்கள், ஒன்றோடொன்று இணைந்ததால் வாழ்ந்தன.

ஆனால் வாய்க்கால் நீரை மட்டுமா கொண்டுவரும்? மேற்குளத்தில் ஆகாயத்தாமரை படர்ந்தால், அதன் ஒரு துணுக்கு மிதந்து வந்து கீழ்க்குளத்தையும் மூடும். ஊர்க்கழிவு ஓரிடத்தில் கலந்தால் அதற்குக் கீழே உள்ள ஊரெல்லாம் அதனை அனுபவிக்கும். பாசனத்திற்கென்று கட்டப்பெற்று 1992-இல் பயனுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் இடமாக மாறி, அதன் நீர் வேண்டாம் என்று உழவர்களே சொல்லும் நிலை வந்ததை உங்கள் பெற்றோர் அறிவர். வாய்க்காலுக்கு நல்ல நீர், கெட்ட நீர் என்ற வேறுபாடு தெரியாது. வேறுபாட்டை அறிந்து திறக்கவும் அடைக்கவும் வேண்டியது மதகு. அதைக் காக்க வேண்டியவன் நீர்க்கட்டி.

இணையம் என்பது இத்தகைய வாய்க்கால்களின் பெருந்தொகுதி. அதில் சேர்ந்த ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி உண்டு. முகவரி உள்ள எதற்கும் கடிதம் வரலாம். அனுப்பியவர் யார் என்பதைக் கடிதம் கொண்டுவருபவர் விசாரிப்பதில்லை. 1969-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் அமெரிக்காவில் இரண்டு ஆராய்ச்சி நிலையங்களின் கணினிகள் முதன்முதலாக இணைக்கப்பட்டபோது, மறுமுனையில் இருப்பவர் யாரென்று இம்முனையில் இருப்பவருக்குத் தெரியும். தெரிந்தவர் வீட்டுக்குத் தாழ்ப்பாள் எதற்கு? அப்பழக்கத்திலேயே அமைப்பும் வளர்ந்தது. 1988 நவம்பர் 2-ஆம் நாள் ஒரு முதுநிலை மாணவர், தன்னைத்தானே பிரதி எடுத்துக்கொண்டு கணினிக்குக் கணினி தாவும் ஒரு நிரலை அவிழ்த்துவிட்டார். பிரதி எடுக்கும் வேகத்தில் அவர் செய்த பிழையால், அன்று இணையத்தில் இருந்த ஏறத்தாழ 60,000 கணினிகளில் சுமார் 6,000 திணறி நின்றன என்று மதிப்பிட்டார்கள். இந்தியப் பொதுமக்களுக்கு இணையம் 1995 ஆகஸ்டு 15-ஆம் நாள் கிடைத்தது. இன்று கணினியோடு கண்காணிப்புக் கேமராவும், குளிர்பதனப் பெட்டியும், மருத்துவக் கருவியும், மில்லின் நூற்பு இயந்திரமும் அதே வாய்க்காலில் வந்து சேர்ந்திருக்கின்றன. மதில் ஏறிக் குதிக்கும் திருடனுக்கு ஓர் இரவில் ஒரு வீடுதான் முடியும். இணையத்திலோ கதவு கதவாகத் தட்டி, தாழிடாத கதவு எது என்று பார்க்கும் வேலையையும் கணினியே செய்கிறது. அதற்கு உறக்கமும் இல்லை, தொலைவும் இல்லை.

இவ்வளவு இடர் என்றால் இணைக்காமலே இருந்துவிடலாமே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நான் அதை ஒப்பமாட்டேன். காரணம் சொல்கிறேன்.

2012 ஜூலை 30-ஆம் நாள் வட இந்திய மின்தொகுப்பு முழுவதும் விழுந்தது. மறுநாள் வடக்கோடு கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து விழுந்தன. 60 கோடி மக்கள் வாழும் நிலப்பரப்பில் மின்சாரம் இல்லை. இரயில்கள் நடுவழியில் நின்றன. ஒரே தொகுப்பில் உள்ள மின்னாக்கிகள் யாவும், தேர்வடம் பிடிப்பவர்களைப் போல, ஒரே தாளத்தில் இயங்க வேண்டும். வடம் பிடித்தவர்களில் ஒரு வரிசை தடுக்கி விழுந்தால் மற்ற வரிசைகளும் நிலைகுலையும். நம் தென்னகத் தொகுப்பு அந்த இரு நாளும் விழவில்லை. நாம் வடக்கோடு இணையாமல் இருந்தோமா? இணைந்துதான் இருந்தோம். ஆனால் அந்த இணைப்பு, மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கி, எல்லை கடத்தி, திரும்பவும் மாறுமின்னோட்டமாக்கும் நிலையங்களின் வழியாக இருந்தது. அவ்வழியில் மின்சாரம் வரும். தாளம் தப்பிய நடுக்கம் வராது. இதைவிடச் சிறந்த மதகுக்கு எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இது கேட்கப் பெருமையாக இருக்கும். ஆனால் அதே 2012-இல் கோவையில் நிலை என்ன? நாள்தோறும் பல மணி நேரம் மின்வெட்டு. பம்புசெட்டுப் பட்டறைகளில் கடைசல் இயந்திரங்கள் நின்றன, விசைத்தறிகள் ஓய்ந்தன, என் மாணவர்கள் பொதுத்தேர்வுக்கு மெழுகுவத்தி வைத்துப் படித்தார்கள். வேறு மாநிலத்தில் மின்சாரம் விலைக்கு இருந்தாலும், அதை வேண்டிய அளவு தெற்கே கொண்டுவரப் பாதை போதவில்லை. மதகு இருந்தது, வாய்க்கால் குறுகியிருந்தது. 2013 டிசம்பர் 31-ஆம் நாள் ராய்ச்சூருக்கும் சோலாப்பூருக்கும் இடையே 765 கிலோவோல்ட் கம்பி இயங்கத் தொடங்கியபோது தென்னகம் நாட்டின் மற்றப் பகுதிகளோடு ஒரே தாளத்தில் சேர்ந்தது. அதனால் கிடைத்த நன்மையை நான் மறுக்கவில்லை. வடத்தை நாமும் பிடித்துவிட்டோம் என்பதை மறக்கவும் கூடாது.

இனி, நம் மாநிலத்திலேயே நடந்த ஒன்றைச் சற்று விரிவாகப் பார்ப்போம். திருநெல்வேலி மாவட்டத்தில் கடலோரமாக அமைந்த கூடங்குளம் அணுமின் நிலையத்தில், ஒவ்வொன்றும் 1,000 மெகாவாட் ஆற்றலுள்ள இரண்டு அணுவுலைகள் 2019-இல் இயங்கிக்கொண்டிருந்தன. அவ்வாண்டு அக்டோபர் இறுதியில், அந்நிலையத்தின் கணினியில் தீநிரல் புகுந்துவிட்டது என்ற செய்தி வெளியே பரவிற்று. தீநிரல் என்பது, தீங்கு செய்வதற்கென்றே எழுதப்பட்ட மென்பொருள். அக்டோபர் 29-ஆம் நாள் நிலையத்தின் சார்பில் ஓர் அறிக்கை வந்தது: பரவுவது பொய்ச்செய்தி, கட்டுப்பாட்டுக் கருவிகள் தனித்து இயங்குபவை, இணையத்தோடு தொடர்பற்றவை, ஆகவே அவற்றின்மேல் இத்தகைய தாக்குதல் இயலாது என்பது அதன் சாரம். மறுநாளே இந்திய அணுமின் கழகத்தின் அறிக்கை வந்தது. தீநிரல் கண்டறியப்பட்டது உண்மை. நாட்டின் கணினி அவசரநிலைக் குழு அதனைக் கண்டு செப்டம்பர் 4-ஆம் நாளே தெரிவித்தது. நிர்வாகப் பணிக்கென இணையத்தோடு இணைக்கப்பட்டிருந்த வலையில் ஒருவர் பயன்படுத்திய கணினியில் அது இருந்தது. முக்கியமான உள்வலை அதனின்றும் பிரிக்கப்பட்டிருக்கிறது. நிலையத்தின் இயக்கத்துக்குப் பாதிப்பில்லை என்றது அது.

இந்தத் தீநிரலை ஆராய்ச்சியாளர் டிட்ராக் என்று அழைக்கின்றனர். அது பொருளை உடைக்கும் வகையைச் சேர்ந்ததன்று, ஒற்றன் வகை. நீங்கள் அழுத்தும் விசைகளைக் குறித்துக்கொள்ளும். எந்தப் பக்கங்களைப் பார்த்தீர்கள், கணினியில் என்னென்ன கோப்புகள் உள்ளன, அது எந்த வலையில் என்ன முகவரியில் இருக்கிறது என்றெல்லாம் திரட்டும். கோட்டையைத் தாக்குமுன் அதன் வாயில்களை எண்ணிப் பார்க்க வருபவனை நம் பழைய கதைகளில் கண்டிருக்கிறீர்கள். அவன் எதையும் எடுத்துச் செல்லவில்லை என்பதால், வரவே இல்லை என்று சொல்ல முடியுமா?

கழகத்தின் கூற்றுப்படியே கொண்டால், கூடங்குளத்தில் மதகு தன் வேலையைச் செய்தது. அலுவலக வலைக்கும் உலையை ஆளும் வலைக்கும் நடுவே பிரிவு இருந்தது. அழுக்கு முதல் குளத்தோடு நின்றது. இதை அமைத்த பொறியாளர்களைப் பாராட்ட வேண்டும். ஆனால் என் மனம் சமாதானம் அடையாத இடம் வேறு. செப்டம்பர் முதல் வாரத்தில் தெரிந்த ஒன்று மக்களுக்கு அக்டோபர் கடைசியில்தான் தெரிந்தது. அதுவும் ஒரு நாள் மறுப்புக்குப் பின். முதல் அறிக்கை கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பற்றி மட்டும் பேசியது, ஆகவே அதில் பொய்யில்லை என்று வாதிடுவோர் உண்டு. வகுப்பில் கண்ணாடி உடைந்திருக்கிறது. “மேசையை நாங்கள் உடைக்கவில்லை ஐயா” என்று ஒரு பையன் சொல்கிறான். அதுவும் உண்மைதான். நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில் அப்பையனை மேலும் சில கேள்விகள் கேட்பது வழக்கம்.

இணையத்தோடு தொடர்பில்லை என்ற ஒன்றே காப்பாகிவிடுமா என்ற ஐயத்திற்கு, ஈரான் நாட்டின் நதான்சு விடை சொல்கிறது. யுரேனியத்தைச் செறிவூட்டும் அந்நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கணினிகளுக்கும் வெளியுலகுக்கும் வாய்க்காலே இல்லை. எனினும் 2010-இல் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்னும் தீநிரல் உள்ளே சென்றது. பென்டிரைவ் எனப்படும் சிறு நினைவுக்கருவியில் ஒளிந்து கைக்குக் கை பரவக்கூடியது அது. செறிவூட்டும் சுழலிகளின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் பழுதாக்கிற்று. அந்நேரத்தில் கண்காணிப்பாளரின் திரையில் எல்லாம் சரியாக இருப்பதாகவும் காட்டிற்று. கரையில் மதகு வைத்தாலும், ஆகாயத்தாமரைத் துணுக்கைக் காலில் ஒட்டிக்கொண்டு ஓர் எருமை கரையேறி அடுத்த குளத்தில் இறங்கலாம் அன்றோ? ஈரானைக் குறிவைத்த அந்நிரல் வழியில் பல நாட்டுக் கணினிகளிலும் தொற்றியது. மிகுதியாகத் தொற்றிய நாடுகளின் வரிசையில் ஈரானுக்கும் இந்தோனேசியாவுக்கும் அடுத்து இருந்தது இந்தியா.

மதகை அயலார் கடந்துவிட்டால் நிகழ்வது என்ன என்பதை உக்ரைன் நாட்டு மின்வாரியங்கள் 2015 டிசம்பர் 23-ஆம் நாள் கண்டன. பல மாதங்களுக்கு முன் அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் வந்த ஓர் இணைப்பை யாரோ திறந்திருக்கிறார்கள். அங்கிருந்து அயலார் மெல்ல மெல்ல உள்ளே நடந்து, மின்சாரத்தை ஆளும் கணினிகளை அடைந்துவிட்டனர். அன்று மாலை, பணியில் இருந்தவரின் கண்ணெதிரே திரையில் சுட்டி தானே நகர்ந்தது. ஒவ்வொரு துணைமின் நிலையமாகத் திறந்து மின்சாரத்தைத் துண்டித்தது. அவர் கை வைத்துத் தடுக்க இயலவில்லை. சுமார் 2,25,000 நுகர்வோர் இருளில் ஆழ்ந்தனர்.

எனினும் சில மணி நேரத்தில் விளக்குகள் மீண்டும் எரிந்தன. கணினியைச் சரிசெய்தார்கள் என்று எண்ண வேண்டாம். அது பின்னும் பல நாள் சரியாகவில்லை. ஊழியர்கள் வண்டியேறித் துணைமின் நிலையங்களுக்குச் சென்று, துண்டிப்பான்களைக் கையால் மூடினார்கள். பழைய கைப்பிடி இன்னும் அங்கே இருந்தது. அதைப் பிடிக்கத் தெரிந்தவரும் இருந்தார். புதிது வந்ததும் பழைய கைப்பிடியைக் கழற்றி எடைக்குப் போட்டிருந்தால்? இக் கேள்வியைப் பொறியியல் பயிலும் மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். தேர்வில் கேட்கமாட்டார்கள், தொழிலில் கேட்கப்படும்.

அதே நாட்டில் தொடங்கிய இன்னொரு நிகழ்ச்சி, மின்வெட்டுக்குப் பழகிய நமக்குச் சிரிப்பையும் தரும். 2017 ஜூன் 27-ஆம் நாள், உக்ரைனில் வரிக்கணக்கு எழுதப் பயன்பட்ட ஒரு மென்பொருளின் புதுப்பிப்பில் நாட்பெட்யா என்ற தீநிரல் கலந்து வந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த மெர்ஸ்க் என்னும் கப்பல் நிறுவனம் அந்த மென்பொருளை அங்கே பயன்படுத்தியது. அவ்வளவுதான். அந்த ஒரு வாயில் வழியாகப் புகுந்த நெருப்பு உலகெங்கும் உள்ள அதன் அலுவலகங்களைச் சில மணி நேரத்தில் எரித்தது. மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அதன் குழுமத்தைச் சேர்ந்த முனையத்திலும் பெட்டகங்கள் தேங்கின. 45,000 கணினிகளையும் 4,000 சேவையகங்களையும் புதிதாக அமைக்க வேண்டியதாயிற்று என்று அந்நிறுவனத் தலைவரே பின்னர் சொன்னார். நிறுவனத்தின் கணினிகள் யாவும் எங்கெங்கே, யார் யாருக்கு எவ்வளவு உரிமை என்ற பேரேட்டைத் தாங்கிய கணினிகள் பல நாடுகளில் இருந்தன. ஒன்று அழிந்தால் மற்றொன்று கைகொடுக்கும் என்பது திட்டம். எல்லாம் ஒன்றோடொன்று இணைந்திருந்தமையால் எல்லாமே அழிந்தன. ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் இருந்த ஒன்று மட்டும் தப்பியது. ஏன்? தாக்குதல் நேரத்தில் அவ்வூரில் மின்வெட்டு! வாய்க்காலிலிருந்து விலகி நின்ற அந்த ஒற்றைக் கணினியின் வட்டை விமானத்தில் எடுத்துச் சென்றே நிறுவனம் மீண்டும் எழுந்தது. மின்வெட்டை வாழ்த்திய வணிகர்கள் அவர்கள் மட்டுமே இருப்பர்.

நம் நாட்டுக்கே திரும்புவோம். 2022 நவம்பர் 23-ஆம் நாள் டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் சேவையகங்களைத் தீநிரல் பூட்டிவிட்டது. பல நாட்கள் நோயாளிகளின் பதிவும் ஆய்வுக்கூட முடிவுகளும் காகிதத்தில் எழுதப்பட்டன. வலை உள்ளே முறையாகப் பகுக்கப்படாமல் இருந்ததே காரணம் என்று முதற்கட்ட ஆய்வில் தெரிந்ததாக அரசு நாடாளுமன்றத்தில் கூறிற்று. வெளிச்சுவரில் மட்டும் பூட்டு வைத்து, உள்ளே அறைகளுக்குக் கதவே வைக்காத வீடு என்று இதைச் சொல்லலாம்.

அணுவுலையும் மின்வாரியமும் பெரியோர் கவனித்துக்கொள்ள வேண்டியவை. நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். 2016-இல் மிராய் என்ற தீநிரல், வீடுகளிலும் கடைகளிலும் மாட்டிய கண்காணிப்புக் கேமராக்களை இலட்சக்கணக்கில் அடிமை கொண்டது. பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. செய்த இடத்திலேயே வைத்து அனுப்பிய அறுபது சொச்சம் கடவுச்சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தது. வாங்கியவர்கள் அவற்றை மாற்றவில்லை. அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள் அந்தக் கேமராக்கள் ஒரே நேரத்தில் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் வாசலில் மோத, புகழ்பெற்ற இணையத்தளங்கள் பல மணி நேரம் திறக்கவில்லை. மிராயை எழுதியவர்கள் யார் தெரியுமா? கல்லூரி வயது இளைஞர் மூவர். கணினி விளையாட்டு நடத்துவோரிடையே இருந்த போட்டியில் தொடங்கியது அவர்கள் வேலை. 2017-இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அவர்களுடைய அறிவைக் குறைத்துச் சொல்லமாட்டேன். அத்தகைய அறிவு உங்களிலும் சிலருக்கு இருக்கிறது என்பதாலேயே இதைச் சொல்லுகிறேன். கேமரா வாங்கிய கடைக்காரருக்கோ, தம் கேமரா அயல்நாட்டில் சண்டைக்குப் போய்வந்தது இன்றுவரை தெரிந்திராது.

இப்போது ஒரு கணக்கு. 2021-இல் ஒப்புதல் பெற்ற ஒரு தேசியத் திட்டம், 25 கோடி வீடுகளுக்கும் கடைகளுக்கும் ஸ்மார்ட் மீட்டர் பொருத்துவதை இலக்காகக் கொண்டது. முன்பணம் தீர்ந்தால் ஆள் வராமலே மின்சாரத்தைத் துண்டிக்கவும் கட்டியதும் திரும்பத் தரவும் அம்மீட்டரால் இயலும். கணக்கெடுக்க ஆள் வேண்டாம், இழப்பு குறையும், வாரியத்தின் நிதிநிலை சீராகும், இவை யாவும் உண்மையான நன்மைகளே. ஆனால் முன்பு வீட்டு வாசலில் இருந்த துண்டிப்பு, இப்போது எங்கோ ஒரு கணினியின் விசையில் இருக்கிறது. ஒரு வீட்டுக்கு அனுப்பக்கூடிய கட்டளையை ஒரு மாவட்டத்துக்கும் அனுப்பலாம். அந்த விசையை யார் தொடலாம், ஒருவரே போதுமா இருவர் ஒப்ப வேண்டுமா, ஒரு மணி நேரத்தில் இத்தனை வீடுகளுக்கு மேல் துண்டிக்கக் கூடாது என்ற வரம்பு உண்டா, என்றெல்லாம் கேட்க வேண்டிய வயது உங்கள் வயது. நான் கேட்டால் பழைய மனிதன் புதியதற்கு அஞ்சுகிறான் என்பார்கள்.

மதகு என்று இதுவரை உவமையாகச் சொன்னேன். தொழிலில் அதற்கு நேரான பொருளே உண்டு. அணுமின் நிலையம் போன்ற இடங்களில் உள்வலைக்கும் வெளிவலைக்கும் நடுவே ஒருவழிக் கருவி ஒன்றை வைக்கிறார்கள். ஒருபுறம் ஒளி உமிழும் பகுதி மட்டும் இருக்கும். மறுபுறம் ஒளியைப் பெறும் பகுதி மட்டும். உள்ளிருந்து வெப்பம், அழுத்தம் முதலிய அளவீடுகள் வெளியே செல்லும்; வெளியிலிருந்து ஒரு சொல்கூட உள்ளே வர இயலாது. தடுப்பது மென்பொருளின் விதியன்று. அனுப்பும் உறுப்பே அப்பக்கம் இல்லை. வாயில்லாத ஒருவன் எப்படிக் கட்டளையிடுவான்? அளவீட்டைத் தூரத்திலிருந்து அறிய வேண்டும் என்பது ஒரு தேவை. தூரத்திலிருந்து ஆட்ட வேண்டும் என்பது வேறு தேவை. இரண்டையும் ஒன்றென்று மயங்கி ஒரே கம்பியில் வைப்பதே இத்துறையில் நான் கண்ட பிழைகளுள் முதன்மையானது. தென்னை வரிசையில் ஈரம் எவ்வளவு என்பதை என் தம்பி வீட்டிலிருந்தே அறியலாம். அதில் யாருக்கும் நட்டமில்லை. மோட்டாரைப் போடுவதும் நிறுத்துவதும் வேறு.

தம்பி மோட்டாரைத் தூக்கிச் சுருள் கட்டி இறக்க இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் ஆயிற்று. அந்த மூன்று வாரத்தில் வாழை பாதி காய்ந்தது. பெட்டியைக் கழற்றி எறியப்போனவனை நான் தடுத்தேன். வேறொருவரை அழைத்து வந்து, இரண்டு எண்களுக்கு மட்டும் பணியுமாறு அமைத்தோம். நீரில்லாவிட்டால் தானே நிற்கும் காப்பும் வைத்தோம். ஸ்டார்ட்டரில் இருந்த பழைய கைவிசைக்குத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறோம். அந்த இரண்டு எண்களில் ஒன்று தம்பியுடையது, மற்றொன்று என்னுடையது. நான் இன்றுவரை ஒருமுறையும் அதை அழைத்ததில்லை. ஆனால் என் கைப்பேசியைப் பேரன் கையில் கொடுப்பதை நிறுத்திவிட்டேன்.